ஓடிட்டு வாங்க

ஈப்போவில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு நாங்கள் முதலில் போனது என் இதயத்தைக் காட்டத்தான். மனைவி பாக்கியம் எனக்குத் துணையாக வந்தாள். அன்று சாயங்காலத்துக்குள் அவள் கட்டிலில் படுத்திருந்தாள், நான் துணைக்கு உட்கார்ந்திருந்தேன். இது எப்படி நடந்தது என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போது ஒவ்வொரு முறையும் எதையாவது விட்டுவிடுகிறேன். ஆகவே எழுதுகிறேன். வேறு ஒரு வீட்டில் இப்படி நேர்ந்தால் எதைக் கவனிக்க வேண்டும் என்பதற்காவது உதவட்டும்.

நான் தேயிலைத் தோட்டத்தில் கிராணியாக இருந்தவன். முப்பத்தொரு வருடம் இலை நிறுத்தேன், ஆள் எண்ணிப் பேர் போட்டேன். ஐம்பத்தைந்து வயதில் ஓய்வு கொடுத்தார்கள். மருமகன் கணேசன் தோட்டத்து லோரி ஓட்டுகிறான். மகள் சரோஜாவுக்கு ஆலையில் தூள் பொட்டலம் கட்டும் பகுதியில் வேலை. அதனால் நானும் பாக்கியமும் தோட்டத்தை விட்டுப் போகாமல் அவர்கள் வீட்டிலேயே இருந்துவிட்டோம். ஆனால் எண்ணுவதற்கு எனக்கு ஒன்றும் இல்லை. காலையில் நடக்கப் போவேன். ஆலை வரை எத்தனை கம்பம், மேட்டுக்கு எத்தனை எட்டு என்று எண்ணுவேன். நடை வேகமாகி ஓட்டமாகிவிட்டது. சரோஜா பள்ளிக்கூடம் போன காலத்துச் சப்பாத்து போல வெள்ளைக் கான்வாஸ் சப்பாத்து ஒன்று வாங்கிக்கொண்டேன்.

இலை பறிக்கிற பெண்கள் மலைச்சரிவிலிருந்து கத்துவார்கள். “கிராணியாரு எடையில வெட்டுனதெல்லாம் அவரைத் தொரத்துது பாருங்கடி!” மழை நாளில் ஈர இலைக்கு எடை கழிப்பது தோட்டத்து வழக்கம். கழித்தவன் நான்தான். அதனால் திரும்பிப் பார்க்காமல் ஓடுவேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. கோலாலம்பூரில் மாரத்தான் ஓட்டம் நடக்கப் போகிறது, வயதுக்குத் தடையில்லை என்று பத்திரிகையில் படித்தேன். இருபத்தாறு மைலும் சொச்சமும். தோட்டத்துக்குப் பக்கத்து ரிங்லெட்டிலிருந்து மலையடிவாரத்துத் தாப்பா டவுனுக்கு அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். ஓட முடியுமா, அதற்காக மாதக்கணக்கில் பழக வேண்டுமா, ஐம்பத்தேழு வயதில் ரோட்டில் விழுந்து செத்தால் யாருக்கு அவமானம் என்று நாளெல்லாம் யோசித்தேன். யோசித்ததை வாய்விட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

“புலி தொரத்துனா ஓடலாம் மாமா. சும்மா ஓடுறதுக்கு எதுக்கு கோலாலம்பூரு வரைக்கும் போவணும்?” என்றான் கணேசன்.

“அவ்ளோ ஓடுறவரு அந்தக் கோழியைப் புடிச்சு அடைச்சிட்டு ஓடுங்களேன்” என்றாள் பாக்கியம்.

எனக்குப் பயம் விடவில்லை. நாடியைப் பிடித்து எண்ணினேன். பதினைந்துக்கு ஒரு தரம் ஒரு துடிப்பு தப்புவது போல இருந்தது. தோட்டத்து டிரஸரிடம் போனேன். எங்கள் ஊரில் டாக்டருக்கு முந்தியவர் அவர்தான். “நீங்க எண்ணாம இருந்தா அது தப்பாது கிராணி” என்று சிரித்தார். ஆனாலும் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அவர்கள் நெஞ்சைக் கேட்டுவிட்டு, ஈப்போவில் காட்டிய பிறகு ஓடலாம் என்றார்கள். சர்க்கரையும் கொழுப்பும் பார்க்க ரத்தம் எடுப்பார்கள், காலையில் பச்சைத் தண்ணீரைத் தவிர எதுவும் தொடக் கூடாது என்றும் சொன்னார்கள்.

விடியுமுன் கணேசனின் லோரியில் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்து மலையிறங்கினோம். பாக்கியத்தின் மடியில் ஒரு கூடை. எனக்கு இட்லியும் காப்பியும். தாப்பா ரோட்டு வளைவுகளில் அவள் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். அந்த ரோட்டில் வாந்தி எடுக்காத பெண்பிள்ளை எங்கள் லயத்து வீடுகளில் கிடையாது. ஆகவே லோரி நிற்கவும் இல்லை.

ஆஸ்பத்திரியில் எனக்கு ரத்தம் எடுக்கவே பத்து மணிக்கு மேலாகிவிட்டது. பிறகு கையிலும் காலிலும் நெஞ்சிலும் ஒயர் ஒட்டி, இதயம் துடிப்பதைத் தாளில் கோடாக இழுத்தார்கள். அதற்கு ஈசிஜி என்று பெயர், வலிக்காது. இரண்டு படி வைத்த மரப்பெட்டியில் ஏறி இறங்கச் சொல்லி மறுபடி கோடு இழுத்தார்கள். வெளியே வரும்போது எனக்குப் பசியில் எரிச்சல்.

பாக்கியம் பெஞ்சில் அதே இடத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். “இந்தாங்க, சாப்புடுங்க” என்று மூடியைத் திறந்தாள். கை கழுவத் தண்ணீர் கொடுக்க எழுந்தாள். எழுந்தவள் அப்படியே சாய்ந்து விழுந்தாள். இட்லி தரையில் உருண்டது.

மிஸ்ஸி ஓடி வந்தாள். எங்கள் ஊர்ப்பக்கம் தாதியை அப்படித்தான் கூப்பிடுவோம். தமிழ்ப் பெண். முகத்தில் தண்ணீர் தெளித்து உட்காரவைத்து, “அம்மா, காலையில சாப்பிட்டீங்களா?” என்று கேட்டாள்.

“அவரு சாப்புடல” என்றாள் பாக்கியம்.

“அவரு சாப்புடக் கூடாதும்மா. ரத்தம் எடுக்கணும். நீங்க?”

“அதான் சொல்றேனே மிஸ்ஸி. அவரு இன்னும் சாப்புடல.”

கல்யாணமான நாளிலிருந்து எனக்கு முந்தி அவள் ஒரு கவளமும் வாயில் வைத்ததில்லை. அவள் அம்மாவும் அப்படித்தான். மிஸ்ஸிக்குக் கோபம் வந்தது. “இந்தக் காலத்துலயுமாம்மா?” என்று சொல்லிக்கொண்டே பாக்கியத்தின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள். அதன் பிறகு அவள் எங்களைத் திட்டவில்லை. உள்ளே சிவந்திருக்க வேண்டிய சதை, வெளுத்த துணி போல இருந்தது.

ரத்தத்தில் சிவப்புச் சத்து என்று ஒன்று உண்டு. மூச்சுக் காற்றை உடம்பெல்லாம் சுமந்து போவது அதுதான். பெண்களுக்குக் குறைந்தது பன்னிரண்டு இருக்க வேண்டுமாம். பாக்கியத்துக்கு ஐந்து. ஐந்தை வைத்துக்கொண்டு சமைத்திருக்கிறாள், விறகு சுமந்திருக்கிறாள், லோரிப் படி ஏறியிருக்கிறாள். ஒரு வேளை சாப்பிடாததால் இப்படி ஆகாது என்றார்கள். வயிற்றுக்குள் எங்கோ பல நாளாக ரத்தம் கசிகிறது.

பெண்கள் வார்டின் டாக்டரம்மா யாழ்ப்பாணத் தமிழ் பேசுகிறவர். என்னைத் தனியாக உட்காரவைத்தார்.

“ஐயா, அவா ஒரு நேரத்துக்கு எவ்வளவு சாப்பிடுறவா?”

“நல்லாத்தான் சாப்பிடுவா.”

“நீங்கள் கண்டனீங்களோ?”

நான் காணவில்லை. நான் முதலில் சாப்பிட்டுக் கை கழுவி, பத்திரிகையோடு வெளியே போய்விடுவேன். பிறகு கணேசன், பிறகு சரோஜா. கடைசியாக அடுப்படியில் அவள். அவள் தட்டில் என்ன இருந்தது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. தோட்டத்தில் நூற்று நாற்பது பேர் பறித்த இலையின் எடை ராத்தல் சுத்தமாக என் வாயில் இருக்கும்.

மறுநாள் வந்த சரோஜாவிடம் இதைச் சொன்னேன். அவள் வார்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். “கோழி ரெண்டும் நல்லா கொழுத்துப்போச்சு, என்னம்மா போடுறேன்னு நான் கேட்டேன்ப்பா. சிரிச்சாங்க” என்றாள். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

ரத்தம் ஏற்ற வேண்டும், ஏற்றிய அளவுக்கு உங்கள் ஆட்கள் வந்து கொடுத்தால் நல்லது என்றார்கள். கணேசன் மலைமேல் போய்த் தோட்டத்தில் சொன்னான். துரையிடம் அனுமதி வாங்கி ஞாயிற்றுக்கிழமை லோரியில் ஒன்பது பேரை ஏற்றிக்கொண்டு வந்தான். அதில் ஆறு பேர் என்னைப் பார்த்துக் கத்துகிற அதே பெண்கள். ஊசி குத்தின கையை மடக்கிக்கொண்டு வெளியே வந்தவர்களில் மூத்தவள் அஞ்சலை, “கிராணி, எவ்ளோ எடுத்தாங்கன்னு சரியா எழுதச் சொல்லுங்க லா. ஈரம்னு கழிச்சிடப் போறீங்க” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். அஞ்சலை என் தோளைத் தட்டி, “சரி சரி, போய் அக்காவைப் பாருங்க” என்றாள்.

ரத்தம் ஏறியதும் பாக்கியத்தின் முகத்தில் நிறம் வந்தது. சோதனைகளை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு நாள் சுண்ணாம்புக் கரைசல் போல வெள்ளையாக ஒன்றைக் குடிக்கவைத்து, அது வயிற்றில் இறங்குவதை எக்ஸ்ரேயில் பார்த்தார்கள். அந்த வெள்ளை எங்கே போகாமல் நிற்கிறதோ அங்கே அடைப்பு என்று அர்த்தம். “வீட்டுக்கு அடிக்கிற வெள்ளையை வயித்துக்கு அடிச்சிட்டாங்க. தீபாவளிக்கு இனி கவலை இல்ல” என்றாள். இன்னொரு நாள் விளக்கு வைத்த குழாயைத் தொண்டை வழியாக இறக்கி, உள்ளிருந்து கிள்ளி எடுத்தார்கள். அதற்குப் பிறகு ஒரு பகல் முழுக்க அவள் பேசவில்லை. கிள்ளி எடுத்ததைப் பார்த்துச் சொல்லப் பத்து நாள் ஆகும் என்றார்கள். பெஞ்சில் உட்கார்ந்து அந்த நாட்களைக் கழித்தேன். பக்கத்துக் கட்டில் சீனக் கிழவியின் மகன் தினம் ஒரு ஆரஞ்சு கொண்டுவந்து பேச்சில்லாமல் என் கையில் வைப்பான். அவன் பேர் கடைசிவரை எனக்குத் தெரியாது.

வந்த பதில் புற்று. வயிற்றிலிருந்து குடலுக்குப் போகும் வாசலில். வயிற்றைத் திறந்து பார்த்து, முடிந்தால் வெட்டி எடுப்போம் என்றார் டாக்டரம்மா.

முடியவில்லை. அறுவை முடிந்த அன்று என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். அது பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஈரலிலும் இருக்கிறது. வெட்டவில்லை. அடைபட்ட வாசலை விட்டுவிட்டு, சாப்பாடு இறங்கப் பக்கத்தில் ஒரு புது வழி தைத்திருக்கிறோம். கொஞ்ச மாதம் சாப்பிட முடியும்.

நான் எழுந்தேன். அவர் மேசையில் இருந்த இன்னொரு தாளை எடுத்தார்.

“உங்கட இதயத்துக்கு ஒண்டும் இல்லை ஐயா. இடைக்கிடை ஒரு துடிப்பு முந்தி வருது, அவ்வளவுதான். நல்ல பலமான இதயம். நீங்கள் ஓடலாம்.”

நான் அதைப் பற்றி விசாரிக்கவே இல்லை. அவரும் என்ன செய்வார், சொல்ல வேண்டியது அவர் கடமை.

அவளிடம் சொல்ல வேண்டாம், வயிற்றுப் புண் என்று சொல்லுவோம் என்றான் கணேசன். எங்கள் பக்கத்தில் அப்படித்தான் செய்வார்கள். அப்படியே சொன்னோம். “புண்ணுதானா? நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன்” என்றாள் பாக்கியம். எங்களுக்கு நிம்மதியாக இருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு வழக்கத்தை மாற்றினேன். அவள் முதலில் சாப்பிட வேண்டும், என் எதிரில் சாப்பிட வேண்டும். முன்னால் பலகை போட்டு உட்கார்ந்துகொண்டேன். காலையில் கஞ்சி எட்டுக் கரண்டி, நேற்று பதினொன்று. ஏன் குறைந்தது? கசக்கிறதா, வலிக்கிறதா, எந்தப் பக்கம்? கரண்டி வாய்க்குப் போகும்போது என் வாயும் திறக்குமாம், சரோஜா சொன்னாள். பாக்கியம் ஒரு வாரம் பொறுத்தாள். பிறகு கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

“நீங்க பாத்துக்கிட்டே இருந்தா இறங்கமாட்டேங்குதுங்க. எந்திரிச்சுப் போயி ஓடிட்டு வாங்க.”

“இப்ப எனக்கு என்ன ஓட்டம்?”

“பேப்பர்ல போட்டிருந்துச்சே, அந்த ஓட்டம். ஓடலாமா கூடாதான்னு ஒரு வருசமா எங்க உசுர எடுத்தீங்க. டாக்டரம்மாதான் ஓடலாம்னுட்டாங்களே. ஆம்பள வூட்டுல குந்திக்கிட்டு கரண்டி எண்ணக் கூடாது.”

எனக்கு மனமில்லை. அவளுக்கு மிஞ்சியிருக்கும் காலத்தில் தினம் ஒன்றரை மணி நேரத்தை ரோட்டில் விடுவதா? கணேசனைக் கேட்டேன். “அத்தை ஆசைப்படுறாங்க மாமா. நீங்க கோலாலம்பூருல ஓடுறதைப் பாக்கணும்னு மனசுல இருக்குமோ என்னமோ” என்றான். எனக்கும் அப்படியே பட்டது. அதனால் ஓடிப் பழகத் தொடங்கினேன்.

மூடுபனி கலையுமுன் சப்பாத்தைக் கட்டுவேன். தோட்டத்து ரோட்டில் இறங்கி, ரிங்லெட்டைத் தாண்டி, லெம்பா பெர்த்தாம் போகும் பாதையில் காய்கறி லோரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி ஓடுவேன். முதல் மாதம் நாலு மைல். பிறகு ஏழு. பிறகு பத்து. திரும்பி வரும்போது பாக்கியம் வாசலில் நிற்பாள். முகம் கழுவிப் பவுடர் போட்டு, பொட்டு வைத்து, ஒரு நாளும் தவறாமல் பளிச்சென்று இருப்பாள். “எங்க வரைக்கும் போனீங்க?” என்று கேட்பாள். சொல்லுவேன். “அடேயப்பா” என்பாள். அந்த முகத்தைப் பார்த்து, புது வழி நன்றாக வேலை செய்கிறது, டாக்டரம்மா சொன்ன கணக்கு பிசகிவிட்டது என்றே நினைத்தேன்.

ஐந்தாம் மாதம் அவள் கண் மஞ்சளாகியது. வாந்தியும் திரும்பி வந்தது. ஈரல் தாங்கவில்லை என்று அர்த்தம். மறுபடி ஈப்போ, அதே வார்டு, ஜன்னல் ஓரக் கட்டில். கணேசனின் சித்தப்பா வீடு ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கே தங்கி, கேட் திறந்ததும் காலையில் கஞ்சியோடு போய்விடுவேன்.

மாரத்தானுக்குப் பேர் கொடுக்கக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை என்று கணேசன் ஞாபகப்படுத்தினான். “குடுத்துடவா மாமா? அத்தை கேட்டா என்ன சொல்றது?” என்றான். நான் அதற்குள் முடிவு செய்திருந்தேன். அந்த முடிவை அவளுக்கு ஒரு பொருள் கொடுப்பது போலக் கொண்டுபோனேன்.

“பாக்கியம், நான் அந்த ஓட்டத்துக்குப் போகலை. இனி காலையிலயும் ஓடமாட்டேன். நாள் பூரா உன்கூடவே இருக்கேன்.”

சந்தோஷப்படுவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கூரையைப் பார்த்தாள். “அப்ப நான் எப்ப அழுவுறது?” என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

“நீங்க ஓடப் போனப்புறந்தான் அழுவேன். சரோஜாவும் போயிடும். கதவைச் சாத்திக்கிட்டு நல்லா சத்தமா அழுவேன். நீங்க வர்றதுக்குள்ள மூஞ்சி கழுவிக்குவேன்.”

“வலியா? என்கிட்ட ஏன் சொல்லலை? எந்தப் பக்கம்?”

“பாத்தீங்களா” என்று சிரித்தாள். “இதுக்குத்தான். அழுதா கணக்குக் கேப்பீங்க. எங்க வலிக்குது, நேத்தைவிடக் கூடவா கொறைவா. வலிக்காமயும் அழுவலாம்லங்க. சாவப்போறவ அழுவக் கூடாதா?”

“யாரு சொன்னது உனக்கு?”

“புண்ணுக்கு யாராச்சும் லோரி கட்டிக்கிட்டு வந்து பாப்பாங்களா? நீங்கல்லாம் எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சு நிம்மதியா இருந்தீங்க. அதைக் கெடுப்பானேன்னு இருந்துட்டேன்.”

என் கையை அவள் பிடித்துக்கொண்டிருந்தாளா, நான் பிடித்துக்கொண்டிருந்தேனா, நினைவில்லை. “எவ்வளவு நேரம் வேணும்?” என்று கேட்டேன்.

“வழக்கமா போற நேரம்.”

சித்தப்பா வீட்டுக்குப் போய்ச் சப்பாத்தைக் கட்டிக்கொண்டு திரும்பி வந்தேன். மிஸ்ஸியிடம் அந்தக் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்துவிடச் சொன்னேன். அந்த மிஸ்ஸி, அன்று இமையை இழுத்துப் பார்த்தாளே, அவள்தான். ஏன் என்று கேட்கவில்லை. நான் ஈப்போ வீதிகளில் ஓடினேன். அன்றும், அதன் பின் அவள் இருந்த பன்னிரண்டு காலையும் ஓடினேன். திரும்பி வரும்போது, “எங்க வரைக்கும் போனீங்க?” என்பாள். சொல்லுவேன். குரல் குறைந்துகொண்டே வந்தது. கடைசி இரண்டு நாள் கண்ணால் மட்டும் கேட்டாள்.

அவள் போனது நான் வெளியே இருந்தபோது. திரும்பி வந்தேன். மிஸ்ஸி திரைக்கு வெளியே நின்றிருந்தாள். “இப்பத்தான் ஐயா” என்றாள்.

“அழுதாளா?”

“வலி இல்லங்க ஐயா. ஊசி போட்டிருந்தோம்.”

“வலியைக் கேக்கலம்மா.”

அவள் என்னைப் பார்த்தாள். “அழுதாங்க. சத்தம் வரல. அப்புறம் மூஞ்சி தொடைச்சு விடச் சொல்லி என் கையைத் தொட்டாங்க. தொடைச்சு விட்டேன்” என்றாள்.

ஓட்டம் நடந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பதினாறாம் நாள் காரியம். அதற்கு அடுத்த வருடமும் கணேசன் கேட்டான். போகலாமா என்று ஒரு நாள்கூட யோசிக்கவில்லை. சப்பாத்தை அஞ்சலையின் மகனுக்குக் கொடுத்துவிட்டேன். மாரத்தான் என்ன ஆச்சு கிராணி என்று லயத்தில் இன்னும் கேட்கிறார்கள். ஓடுவதற்கான காரணம் போய்விட்டது என்று சொல்வதில்லை. முழங்கால் என்று சொல்லிவிடுகிறேன்.

கணேசன் விடியுமுன் லோரிக்குப் போகிறான். சரோஜா ஆறரைக்கு ஆலைக்கு. போன வாரம் அவள் வேலைச் சட்டை போடாமல் அடுப்படியில் நின்றாள். “இன்னிக்கி லீவு போட்டுட்டேன்ப்பா. தனியா இருக்கீங்களே, கூட இருக்கலாம்னு” என்றாள்.

“எதுக்கும்மா? வேலைக்குப் போ” என்றேன். “போயிட்டு வா.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். தலைத்துணியை எடுத்துக் கட்டிக்கொண்டு, கதவை வெளியிலிருந்து மெதுவாகச் சாத்திவிட்டுப் போனாள்.